மடங்கிய விரலும் நான் உருவிய கம்பிகளும்

விருத்தாசலத்தில் ஒரு தனியார் எலும்பு மருத்துவமனையின் அறுவை அரங்கில் முப்பத்திரண்டு ஆண்டுகள் நர்ஸாக இருந்தேன். ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. போன மாதம் அங்கிருந்து போன் வந்தது. மடங்கிப்போன கால் விரலை நிமிர்த்தும் ஆபரேஷனுக்கு இனிமேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கம்பியே வேண்டாம், எல்லோருக்கும் எலும்புக்குள் வைக்கிற இம்ப்ளான்ட்தான் என்று முடிவெடுக்கப் போகிறார்களாம்.

"நீங்க வந்து ஒரு பத்து நிமிஷம் பேசுங்க சிஸ்டர். கம்பி உருவுனதுல இந்த ஊர்ல உங்கள வுட்டா ஆளு யாரு இருக்குறாங்க?" என்றார் இப்போதைய தியேட்டர் பொறுப்பாளர்.

போனேன், பேசினேன். ஆனால் பத்து நிமிடத்தில் அடங்குகிற விஷயமில்லை அது. அங்கே விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

டாக்டர்கள் இதை ஹேமர் டோ என்பார்கள். விரலின் நடு மூட்டு மேலே புடைத்து, நுனி கீழே குத்தி, பக்கவாட்டில் பார்த்தால் சுத்தியல் போல இருக்கும். எங்கள் ஊரில் யாரும் விரல் மடங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வர மாட்டார்கள். "கால் ஆணிங்க" என்றுதான் வருவார்கள். புடைத்த மூட்டு செருப்பு வாரில் உரசி உரசி அங்கே தோல் காய்த்துப்போகும். அதைப் பிளேடால் சீவிக்கொண்டும், கடையில் விற்கிற பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டும் வருடக்கணக்கில் ஓட்டியிருப்பார்கள். ஆணியைப் பிடுங்கினால் போதும் என்பது அவர்கள் கணக்கு. விரலை நிமிர்த்தாமல் ஆணி போகாது என்று சொன்னால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பீங்கான் கம்பெனிகளில் நாளெல்லாம் ஈரத்தரையில் நின்று வேலை செய்கிறவர்கள் இதோடு நிறையப் பேர் வந்தார்கள்.

நான் திட்டக்குடி பக்கத்துப் பெண். கடலூரில் நர்ஸிங் படித்தேன். இரண்டு வருடம் பிரசவ வார்டில் இருந்துவிட்டு, கல்யாணமாகி விருத்தாசலம் வந்து இந்த மருத்துவமனையில் சேர்ந்தேன். எலும்பு ஆபரேஷன் என்றால் என்னவென்றே தெரியாது. அதைக் கற்றுக்கொண்டது முழுக்கப் பெரிய டாக்டர் தணிகாசலத்திடம்தான்.

அவர் உயரமான மனிதர். குரல் மட்டும் சின்னது. அரங்கில் அவர் கத்தி ஒருநாளும் நான் கேட்டதில்லை. தவறான கருவியை நீட்டினால் வாங்கிக்கொள்ள மாட்டார். கையை அப்படியே விரித்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். நாமாகப் புரிந்துகொண்டு சரியானதை வைக்கும்வரை அந்தக் கை மூடாது. திட்டு வாங்கியிருந்தால்கூடத் தேவலை என்று முதல் ஆறு மாதம் நினைத்திருக்கிறேன்.

விரல் ஆபரேஷனை அவர் செய்கிற விதம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. கணுக்காலில் மரத்துப்போகிற ஊசி. ரத்தம் வராமல் இருக்கக் கணுக்காலுக்கு மேலே ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டு. புடைத்த மூட்டின் மேல் சின்ன வெட்டு. உள்ளே எலும்பின் தலையை ஒரு பட்டாணி அளவுக்கு வெட்டி எடுப்பார். இடம் கிடைத்ததும் விரல் தானாகவே தளர்ந்து நிமிரும். பிறகு மெல்லிய ஸ்டீல் கம்பியை நடு எலும்பிலிருந்து விரல் நுனி வழியாக வெளியே ஏற்றி, அதையே திருப்பிப் பின்பக்கத்து எலும்புக்குள் செலுத்துவார். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கம்பியை வளைத்து வெட்டி, முனையில் ஒரு மூடி. அதற்கென்று தனி மூடி வாங்குகிற வழக்கம் அப்போது இல்லை. ஊசி மருந்து பாட்டிலின் ரப்பர் மூடியைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்து நான்தான் குத்தி வைப்பேன்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் அவருடைய முக்கியமான வேலை. ரப்பர் பட்டையை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் காலடியில் உட்கார்ந்துவிடுவார். கால் முழுக்க ரத்தம் பாயும். ஆபரேஷன் செய்த விரல் மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கும். அது சிவக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் சரி.

"மடங்கியே இருந்த விரல நாம நிமித்திட்டோம். எலும்பு நிமிந்துடும், ரத்தக் குழாய் நீளணுமே சிஸ்டர்" என்பார். "நம்ம ஊரு கால்ல கலரு மேல தெரியாது. நகத்துக்கு அடியில பாருங்க, விரல் நுனிக்குக் கீழ்ப்பக்கமா பாருங்க. அங்கதான் சொல்லும்."

நானும் ஸ்டூல் பக்கத்தில் நின்று பார்ப்பேன். பழகப் பழக, பார்க்கிற வேலையை என்னிடமே விட்டுவிட்டார். விரல் சிவந்துவிட்டது என்று நான் சொன்னால்தான் நோயாளி அரங்கைவிட்டுப் போவார் என்று ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. எந்தத் தாளிலும் எழுதிவைக்காத வழக்கம்.

ஐந்து அல்லது ஆறு வாரம் கழித்து வெளிநோயாளி அறையில் கம்பியை உருவுவது என் வேலை. அதற்கு மயக்கமோ ஊசியோ கிடையாது. மூடியைக் கழற்றி, முனையைத் துடைத்து, கொறடால் பிடித்து, லேசாக ஒரு சுற்றுச் சுற்றி, நேர்கோட்டில் இழுக்க வேண்டும். தயங்கினால்தான் வலிக்கும். நோயாளியை இருமச் சொல்லி அந்த இருமலோடு இழுத்துவிடுவேன். "அவ்ளோதானா?" என்று கேட்காத ஆள் குறைவு.

கம்பியில் குறை இல்லையா என்றால் நிறைய இருந்தது. கொசுவலையில் மாட்டும், புடவை ஓரத்தில் மாட்டும். கம்பி போகிற துளையைச் சுற்றிச் சீழ் வைத்து நான் சுத்தம் செய்த விரல்கள் பல. எங்கள் திட்டக்குடியை அடுத்த மங்களூர் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, ஐந்தாவது வாரம், கம்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"என்னா பண்ணீங்க?" என்றேன்.

"லுங்கில மாட்டிக்கினே இருந்துச்சும்மா. நீங்க என்னா வச்சு இழுப்பீங்கன்னு கேட்டன், கொறடுன்னு நீங்கதான சொன்னீங்க? எங்கிட்டயும் கொறடு இருக்குதே."

பெரிய டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். விரல் நன்றாகவே நின்றிருந்தது. சிரிக்காமல், "அடுத்த தடவ கொறட கொதிக்க வச்சிட்டு இழுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

வயதாகிவிட்டது என்று பெரிய டாக்டர் கத்தியைக் கீழே வைத்த பிறகு வந்தவர் டாக்டர் இளவரசன். நாற்பதை நெருங்குகிறவர். நல்ல கை. வேகமும் இருந்தது, பொறுமையும் இருந்தது. இம்ப்ளான்ட்டை எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அரிசியைவிடக் கொஞ்சம் நீளமான உலோகத் துண்டு. இரண்டு முனையிலும் பின்னோக்கிச் சாய்ந்த பற்கள். ஒரு முனை ஓர் எலும்புக்குள், மறுமுனை அடுத்த எலும்புக்குள். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பற்கள் கவ்விக்கொள்ளும். வெளியே எதுவும் தெரியாது. உருவவும் வேண்டாம்.

எனக்கு அது பிடித்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். முதலில் செய்துகொண்டவர் ஒரு பள்ளி ஆசிரியை. தையல் பிரித்த அன்றே அகலச் செருப்பு போட்டுக்கொண்டு போனார். சீழ் இல்லை, மாட்டல் இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பு ஒட்டியிருந்த விதமும் கம்பி போட்ட விரல்களைவிட நன்றாக இருந்தது. எலும்புக்குள்ளேயே கரைந்துபோகிற குச்சி ஒன்றும் நடுவில் வந்து போனது. ஸ்க்ரூவும் சில பேருக்குப் போட்டோம். நின்றது இம்ப்ளான்ட்தான்.

அப்போதுதான் அஞ்சலை வந்தாள்.

முப்பத்தெட்டு வயது. ஊருக்கு வெளியே ஒரு பீங்கான் கம்பெனியில், கொலு பொம்மை செய்கிற பிரிவில் வேலை. மாவு போல அரைத்துக் கரைத்த களிமண்ணை அச்சுகளில் ஊற்றுவதும், நிறைந்த அச்சுகளைப் பலகையோடு தூக்கிப்போய் அடுக்குவதும் அவள் பொறுப்பு. வலது கால் இரண்டாவது விரல் பன்னிரண்டு வருடமாக மடங்கியிருந்தது. கையால் பிடித்து நிமிர்த்திப் பார்த்தேன், அசையவே இல்லை. மேலே இருந்த ஆணி வெடித்துப் புண்ணாகியிருந்தது. புண் ஆறட்டும் என்று மூன்று வாரம் கட்டுப் போட்டுவிட்டுத்தான் ஆபரேஷனுக்கே நாள் குறித்தோம்.

இரண்டு முறைகளையும் டாக்டர் அவளுக்கு விளக்கினார். கம்பி என்றதும் கையை ஆட்டினாள்.

"களிமண்ணுத் தண்ணில நிக்கற பொழப்பு எனுக்கு. வெளிய கம்பிய நீட்டிக்கினு எப்பிடி நிப்பன்? உள்ள வைக்கறதயே வைங்க டாக்டர்."

அவள் சொன்னதில் தப்பில்லை. டாக்டரும் அதையே நினைத்திருந்தார். நானும்தான்.

ஆபரேஷன் காலை பத்து மணிக்கு. எல்லாம் ஒழுங்காக நடந்தது. விரல் கோடு போட்ட மாதிரி நேராக வந்தது. டாக்டர் தையல் போட்டு முடித்து, ரப்பர் பட்டையை அவிழ்த்தார். பாதம் சிவந்தது. மற்ற நான்கு விரல்களும் சிவந்தன. இரண்டாவது விரல் வெளுப்பாகவே இருந்தது.

ஐந்து நிமிடம் ஆயிற்று. கட்டைத் தளர்த்தினோம். மேசையின் கால்பக்கத்தை இறக்கினோம். ரத்தக் குழாய் விரியட்டும் என்று வெந்நீரில் நனைத்த துணியைத் தொடையில் போட்டேன். விரலில் போடக்கூடாது, மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். பத்து நிமிடம் ஆயிற்று. விரல் நுனியை அழுத்தி விட்டேன். அழுத்தினால் ஒரு நிறம், விட்டால் வேறு நிறம் என்று இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

"குழாய் சுருங்கியிருக்கும் சிஸ்டர். கொஞ்ச நேரத்துல வந்துடும். வார்டுக்கு அனுப்பிடுங்க, நான் மத்தியானம் வந்து பாக்கறேன்" என்றார் டாக்டர். அடுத்த நோயாளிக்கு முதுகில் ஊசி போட்டுத் தயாராக வைத்திருந்தார்கள்.

"இன்னும் சிவக்கல சார்" என்றேன்.

"தெரியுது. அதான் சொல்றேனே, வந்துடும்."

"கம்பியா இருந்தா லேசா வளச்சி விரலத் தளத்தி வுடலாம். இல்லன்னா உருவிடலாம். இதுல வெளிய பிடிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லியே சார். வார்டுல போயி என்னா பண்ண முடியும்?"

அவர் என் பக்கம் திரும்பினார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அவற்றில் கோபம் இருந்தது.

"நீங்க பேஷன்ட்ட வார்டுக்கு மாத்தப் போறீங்களா இல்லியா?"

"மாத்த மாட்டேன் சார்."

முப்பது வருடத்தில் ஒரு டாக்டரிடம் நான் சொன்ன முதல் 'மாட்டேன்' அது. நடுவில் மறைப்பாகத் தொங்கிய துணிக்கு அந்தப் பக்கம் அஞ்சலை விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். காலைத்தானே மரக்க வைத்திருந்தோம்.

"சிஸ்டரம்மா, விரல எடுத்துப்புடுவீங்களா?" என்று கேட்டாள்.

நான் அவள் தலைப்பக்கம் போனேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. "விரலுக்கு ரத்தம் சரியா வரல அஞ்சலை. வர வைக்கறதுக்குத்தான் பேசிக்கினு இருக்கறோம். எடுக்க வுடமாட்டேன்" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன அதிகாரம் இருந்தது என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

திரும்பி வந்தபோது டாக்டர் மெல்லிய ஊசியால் விரல் நுனியில் குத்திக்கொண்டிருந்தார். குத்திய இடத்தில் ரத்தம் துளிர்க்கவில்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ரொம்பச் சாதாரணமான குரலில், "அடுத்த கேஸ பக்கத்து தியேட்டர்ல பாக்கச் சொல்லுங்க. திரும்பத் தொறக்கறேன். கம்பி வெட்டற கொறடு, எலும்பு கடிக்கற கட்டர், மெல்லிசு கம்பி மூணும் குடுங்க" என்றார்.

மூன்றும் தட்டில் இல்லை. இம்ப்ளான்ட் தட்டில் எதற்குக் கம்பி என்று அலமாரியில் எடுத்து வைத்துவிட்டிருந்தோம். வைத்தது நான்தான். ஓடிப்போய்க் கொண்டுவந்தேன்.

தையலைப் பிரித்தார். இம்ப்ளான்ட்டின் ஒரு முனை எப்படியோ வந்துவிட்டது. மறுமுனை வரவில்லை. விடாமல் கவ்வுவதற்காகவே செய்த பற்கள் அவை, கவ்விக்கொண்டுதான் இருந்தன. சுற்றியிருந்த எலும்பை நெல் அளவு துணுக்குகளாகக் கடித்து எடுக்க வேண்டியிருந்தது. இருபது நிமிடம் அவர் தலை நிமிரவில்லை. கடைசியில் இம்ப்ளான்ட் கிண்ணத்தில் விழுந்த சத்தம் கேட்டது. எலும்பு குறைந்ததால் விரல் தளர்ந்து, கொஞ்சம் குட்டையாகிப் பழைய மடிப்பை நோக்கி லேசாகச் சாய்ந்தது. "இழுக்க வேணாம், அது எங்க நிக்குதோ அங்கயே நிக்கட்டும்" என்று சொல்லி, மெல்லிய கம்பி ஒன்றை மட்டும் உள்ளே செலுத்தினார்.

நான் நகத்தடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் விரலின் அடிப்பாகத்தில் ஒரு நிறம் வந்தது. மெதுவாக மேலே ஏறியது. குத்திய ஊசித் துளையில் சிவப்பாக ஒரு பொட்டு துளிர்த்தது.

"வந்துடுச்சு சார்" என்றேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் நாங்கள் இருவரும் ஒரு விரலைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தோம்.

விரல் பிழைத்தது. நுனித்தோல் மட்டும் கறுத்து இரண்டு வாரத்தில் உரிந்தது. நகமும் விழுந்தது. கீழே புதுத்தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. நுனி கறுத்த நாட்களில் டாக்டர் தினமும் காலையும் மாலையும் வந்து கட்டைப் பிரித்துப் பார்த்தார். "உங்க விரலு கெட்டுப்போகாம இருந்ததுக்கு சிஸ்டர்தான் காரணம்" என்று அஞ்சலையிடம் என் முன்னாலேயே சொன்னார். அப்படிச் சொல்வதற்கு ஒரு பெரிய மனசு வேண்டும். அவருக்கு அது இருந்தது.

ஆனால் அஞ்சலை வேண்டாம் என்று சொன்ன கம்பியோடுதானே வீட்டுக்குப் போனாள்? அவள் வேலையை எப்படிச் சமாளிக்கிறாள் என்று பார்க்க ஒருநாள் டியூட்டி முடிந்து அந்தக் கம்பெனிக்கே போனேன். முதலாளியிடம் பேசி, உட்கார்ந்து பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிற இடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். காலை ஒரு கவிழ்த்த பெட்டியின் மேல் தூக்கி வைத்திருந்தாள். விரல்கள் மேல் வெள்ளையாக ஒரு கூடு கவிழ்ந்திருந்தது.

"இது என்னா?"

"அச்சு செய்யற அண்ணன் செஞ்சி குடுத்தாரு சிஸ்டரம்மா. பொம்மைக்கு அச்சு எடுக்கற அதே மாவுதான். கம்பிய சுத்தி பஞ்சு வச்சி, மேல தொடாத மாதிரி கூடு எடுத்தாரு. ராத்திரி போர்வ பட்டாலும் ஒண்ணும் ஆவல."

எடுத்துப் பார்த்தேன். கம்பிக்கு இடம் விட்டு, காற்று போகத் துளை விட்டு, கச்சிதமாக இருந்தது. மருத்துவமனையில் நாங்கள் போடுகிற மாவுக்கட்டும் அந்தப் பிளாஸ்டர் மாவுதான். இத்தனை வருடம் எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. டாக்டரிடம் சொன்னபோது, இன்னும் நான்கு செய்து தரச் சொல்ல முடியுமா என்று கேட்டார். ஐந்தாவது வாரம் கம்பியை உருவினேன். விரல் கொஞ்சம் குட்டை, லேசாக ஒரு மடிப்பு. செருப்பு உரசவில்லை, ஆணி திரும்பவில்லை.

போன மாதக் கூட்டத்தில் நான் சொன்னது இதுதான். புதிதாக மடங்கின விரல், கையால் நிமிர்த்தினால் நிமிர்கிற விரல், சேற்றிலும் தூசியிலும் வேலை செய்கிறவர் என்றால் இம்ப்ளான்ட் வையுங்கள், தாராளமாக வையுங்கள். வருடக்கணக்கில் இறுகிப்போன விரல், சர்க்கரை நோயாளி, ரத்த ஓட்டம் குறைந்த கால், எலும்பு மெலிந்த வயதானவர் என்றால் கம்பிதான். தப்பானால் பின்வாங்க வழி இருக்கிற முறை அது ஒன்றுதான். எதை வைத்தாலும் இம்ப்ளான்ட் தட்டில் கம்பியும் கொறடும் இருக்க வேண்டும். 'எல்லோருக்கும்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள் என்றேன். எடுத்துவிட்டார்கள்.

அங்கே சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. நான் ஓய்வு பெறுகிற மாதத்தில் அஞ்சலை மறுபடி வந்தாள். இந்த முறை இடது கால். அதே இரண்டாவது விரல். ஆனால் சீக்கிரமே வந்துவிட்டாள், கையால் பிடித்தால் விரல் நிமிர்ந்தது. டாக்டர் இளவரசன் மேசைமேல் கம்பியையும் இம்ப்ளான்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ரெண்டுமே இதுக்குச் சரியா வரும். நீங்களே சொல்லுங்க" என்றார்.

அவள் இம்ப்ளான்ட்டைத் தொட்டுக் காட்டினாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "போன தடவ இதாலதான் விரலே போகப் பாத்துச்சு. மறுபடி இதயே கேக்கறியா?"

"போகப் பாத்துச்சு, போவலியே சிஸ்டரம்மா. அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் என் காலாண்ட நின்னுக்கினு சண்ட போட்டீங்களே, எல்லாம் எனுக்குக் கேட்டுச்சு. என் ஒரு விரலுக்காவ அப்பிடி சண்ட போட ஆளு இருந்தா, நீங்க எத வச்சாலும் எனுக்கு பயமில்ல. நீங்க ரிடையர் ஆவறதுக்குள்ள வச்சிடுங்க, அவ்ளோதான்."

டாக்டர் நாட்காட்டியை எடுத்தார். அடுத்த வாரமே நாள் குறித்தார்.

அன்று நான்தான் தட்டு வைத்தேன். இம்ப்ளான்ட், அதன் பக்கத்தில் கம்பி, கொறடு, கட்டர். ஆபரேஷன் முடிந்து பட்டையை அவிழ்த்த இரண்டாவது நிமிடம் ஐந்து விரல்களும் ஒரே நிறத்தில் இருந்தன. டாக்டர் கையுறையைக் கழற்றாமல் என்னைப் பார்த்தார்.

"சிஸ்டர், சண்டை எதாவது இருக்குதா?"

"ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

துணிக்கு அந்தப் பக்கமிருந்து அஞ்சலை சிரித்தாள். சிரிப்பில் அவள் வயிறு குலுங்கியது. நான் அவளை வார்டுக்கு அனுப்பினேன்.